எண்ணெய் பூசிய கம்பிகள்

பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பியில் பன்னிரண்டு மில்லிமீற்றர் என்று தொட்டுக் காட்டக்கூடிய இடம் எதுவும் இல்லை. இதை நான் கண்டுபிடித்த மத்தியானம், நண்டு அளக்கும் இடுக்கிமானியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்தேன். எனக்கு முன்னால் நாற்பது கம்பிகள் கிடந்தன. அவற்றில் தடித்தது எது, மெல்லியது எது என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தடித்தது பன்னிரண்டுதானா, அல்லது பத்தைப் பன்னிரண்டு என்று தந்துவிட்டார்களா என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கம்பிகள் மகளின் அறைக்காக வந்தவை. அதற்கு முந்திய மாரியில் ஒரு பின்னேரம் காற்று எழும்பி எங்கள் வீட்டுத் தகரங்களில் மூன்றைக் கழற்றிக்கொண்டு போனது. நான்காவது தகரம் உள்ளே விழுந்தது. விழுந்த இடம் மகளின் பாய். பசிக்கிறது என்று அழுதாள் என்பதற்காகக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவளைக் குசினிக்குத் தூக்கிப் போயிருந்தேன். அவள் அழாமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் என் கணவர் அந்தத் தகரத்தைக் காலால் தள்ளிவிட்டு, “இனி இவள் கொங்கிறீட்டுக்குக் கீழதான் படுப்பாள்” என்றார்.

வீட்டோடு ஒட்டினாற்போலப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. சுவர்கள் எழும்பி முடிந்த நேரத்தில் அவர் கடலில் மூழ்கிக் கடலட்டை எடுப்பதற்காகக் கிழக்குக் கரையில் உள்ள மீனவர் வாடிக்குப் போகவேண்டி வந்தது. போகும்போது ஒரே ஒரு விடயம்தான் சொன்னார்.

“கம்பியை மட்டும் நீ நிண்டு பாத்து இறக்கு. சுவரில பிழையெண்டா இடிச்சுக் கட்டலாம். கூரைக்குள்ள போன கம்பியை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேலாது.”

நான் உயர்தரம் வரை படித்தவள். நண்டு வாங்கும் இடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வருகிற நண்டின் அகலத்தையும் எடையையும் கொப்பியில் எழுதுவது என் வேலை. ஆகவே பார்த்து இறக்குவது கஷ்டமில்லை என்று நினைத்தேன்.

கடைக்குப் போகும்போது என்னிடம் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பிரதேச சபைக் கந்தோரில் கீறித் தந்த படம். அதில் மெல்லிய கம்பிக்கு ஆங்கில ரீ எழுத்தும் பத்தும், தடித்ததுக்கு ரீ எழுத்தும் பன்னிரண்டும் போட்டிருந்தது. மற்றது மேசன் அண்ணை சீமெந்துப் பையின் ஓரத்தைக் கிழித்து எழுதிய பட்டியல். அவர் பெரியமடுக்காரர். சிறு வயதில் அகதியாகத் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே முகாமில் வளர்ந்து, மதுரைப் பக்கம் கம்பி வளைக்கப் பழகித் திரும்பி வந்தவர். அவருடைய பட்டியலில் மில்லிமீற்றர் இல்லை. “மூணு நூல் 30, நாலு நூல் 10” என்றுதான் இருந்தது. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பஸ்ஸில் போகும்போது மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நூல் ஒன்பதரை மில்லிமீற்றர். நாலு நூல் பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்ட. பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. இரண்டு பேரில் யாரோ ஒருவர் பிழை என்று நினைத்தேன். பிறகு, இல்லை, கணக்குப் போட்ட நான்தான் பிழை என்று நினைத்தேன்.

கடைக்காரர் படத்தையும் பட்டியலையும் ஒன்றாகப் பார்த்தார். “ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி” என்றார். “எந்த கிரேட் வேணும்? ஐந்நூறா, நாலறுபதா? நாலறுபது பழைய சரக்கு, கொஞ்சம் கிடக்கு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நல்லதைத் தாங்கோ அண்ணை.”

“கூடாததை விக்கிறம் எண்டே வெளியில எழுதிப் போட்டிருக்கு?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஐந்நூறு என்றேன். பெரிய எண் நல்லதாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஐந்நூறு என்பது ஒருவேளை குறைந்த வகுப்போ, பரீட்சையில் முதலாம் இடம் இரண்டாம் இடத்தை விட மேலானது போல இதிலும் சின்ன எண்தான் பெரிதோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

லொறி வந்தபோது மகள் காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறுகையால் கையெழுத்து வைத்தேன். லொறி போன பிறகுதான் நான் நின்று பார்க்கவில்லை என்பது உறைத்தது. அடுத்த நாள் வேலைத்தலத்தில் கேட்டு இடுக்கிமானியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்தில் வேணியர் இடுக்கிமானி என்று படித்த அதே சாமான்தான்.

தடித்த கம்பியை அளந்தேன். பதின்மூன்று காட்டியது. சந்தோஷப்பட்டு, கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் அளந்தேன். பதினொன்று. கம்பியின் மேல் ஓடும் வரிகளில் இடுக்கிமானி ஏறி நின்றால் ஓர் அளவு, வரிகளுக்கு இடையில் இறங்கி நின்றால் வேறோர் அளவு. மெல்லிய கம்பியைப் பார்த்தேன். வரியின் மேல் பதினொன்று, இடையில் ஒன்பதுக்குச் சற்று மேல். ஆக, இரண்டு கம்பியிலும் பதினொன்று இருந்தது. தேடிய பத்தும் பன்னிரண்டும் இரண்டிலும் இல்லை.

மாமி, என் கணவரின் தாய், குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நண்டுக்குக்கூட இவ்வளவு நேரம் நீ மினக்கெட மாட்டாய் பிள்ளை. அது கடிக்கும் எண்டு பயம். இது கடிக்காதெண்டோ?”

மேசன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். அளந்ததைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“வரி போட்ட கம்பியை அளக்கிறேல்லை தங்கச்சி. நிறுக்கிறது. பன்னிரண்டைப் பன்னிரண்டால பெருக்குங்கோ. வாறதை நூத்தியறுபத்திரண்டால பிரியுங்கோ. ஒரு மீற்றருக்கு எத்தினை கிலோ எண்டு வரும். உங்கட கம்பி ஆறு மீற்றர்.”

“ஏன் அண்ணை நூத்தியறுபத்திரண்டு?”

“அது எனக்குத் தெரியா. எனக்குச் சொல்லித் தந்த ஆளுக்கும் தெரியா. ஆனா சரியா வரும்.”

காரணம் தெரியாத கணக்கை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே போட்டேன். பன்னிரண்டு என்றால் முழுக் கம்பி ஐந்து கிலோ முந்நூறு கிராம் அளவில் இருக்கவேண்டும். பத்து என்றால் மூன்று கிலோ எழுநூறு. மாமி கரையில் மீன் நிறுக்கும் தொங்கு தராசை எடுத்து வந்து முருங்கையில் கட்டினேன். கம்பியின் நடுவில் கயிறு போட்டுக் கொழுவினேன். இருபதடிக் கம்பி இரண்டு பக்கமும் தலை தொங்கி, முற்றம் முழுக்கச் சுற்றி, வேலியில் இடித்து நின்றது. அடுத்த வளவில் வலையின் ஓட்டைகளைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையை நீட்டினார்.

“நல்ல நீட்டு வாளையாக் கிடக்கு! கிலோ என்ன விலை?”

“தலை வெட்டித்தான் விப்பம், நில்லுங்கோ!” என்று மாமி திருப்பிச் சொன்னார்.

முள் ஆடி ஆடி ஐந்தைத் தாண்டி மூன்றாவது கோட்டில் நின்றது. மெல்லியது நாலுக்குக் கீழே நின்றது. இன்னும் எட்டுக் கம்பிகளை நிறுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பன்னிரண்டு என்பது கம்பியில் எங்கும் இல்லாவிட்டாலும் கம்பி முழுவதிலும் சேர்ந்து இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். விளங்கியதா என்றும் தெரியவில்லை.

கிரேட்டைத் தராசு சொல்லாது. அந்த எண் கம்பியிலேயே பதிந்திருக்கும் என்று மேசன் அண்ணை சொன்னார். விரலால் தடவித் தேடி, அதன் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசினேன். சிறுவயதில் சில்லறைக் காசை இப்படித்தான் பதிப்போம். ஐந்நூறு என்று எழும்பி வந்தது. நாற்பதிலும் பார்த்தேன். ஒன்றில் மட்டும் காணாமல் பதறி, புரட்டிப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் இருந்தது. திரும்பவும் ஃபோன் எடுத்தேன்.

“ஐந்நூறு எண்டா என்ன அண்ணை, தடிப்பா?”

“தடிப்பில்லை. எவ்வளவு இழுத்தா கம்பி திரும்பிப் பழைய நீளத்துக்கு வராதோ, அந்த இழுவை. நாலறுபதை விட ஐந்நூறு கூடத் தாங்கும்.”

“அப்ப அறுநூறு இன்னும் நல்லமோ?”

“உறுதி கூடக் கூட வளையிறது குறையும் தங்கச்சி. வீட்டுக் கம்பி தாங்கவும் வேணும், வளையவும் வேணும்.” கொஞ்சம் நிறுத்தி, “பொம்பிளையளைப் போல” என்றார். அந்தப் பக்கத்தில் அவருடைய மனைவி ஏதோ சொல்வதும், அவர் “சரி, சரி” என்பதும் கேட்டது. ஃபோன் வைக்கப்பட்டது.

அளவும் சரி, கிரேட்டும் சரி. சனிக்கிழமை மேசன் அண்ணை வந்து கம்பி கட்டத் தொடங்குவார். அடுத்த வாரம் கலவை மெசின் வரும், மழைக்கு முன் கொங்கிறீட் முடியும். இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை கம்பிகள் சிவந்திருந்தன. எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நூறு அடி இருக்காது. கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசிவிட்டுப் போகும். கதவுப் பிணைச்சல், தையல் மெசின், மகளின் மூன்று சில்லு சைக்கிள், எல்லாமே துருவோடுதான் எங்களுக்குச் சொந்தம். ஆனால் இது மகளின் தலைக்கு மேல் போகும் கம்பி. விரலால் தொட்டேன். செங்கல் தூள் போல ஒட்டியது.

எங்கள் கரையில் இரும்பு துருப்பிடித்தால் என்ன செய்வது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. படகு எஞ்சினில் இருந்து மாற்றிய கறுத்த ஒயில் எல்லா வீட்டிலும் ஒரு கலனில் இருக்கும். நங்கூரத்துக்குப் பூசுவோம். எஞ்சின் ஆணிக்குப் பூசுவோம். கிணற்றுக் கப்பிக்கும் அதுதான். என் அப்பா பூசினார், கணவர் பூசுகிறார். நான் பழைய துணியை ஒயிலில் தோய்த்து, இரண்டு பின்னேரங்கள் இருந்து, நாற்பது கம்பிகளுக்கும் தலை முதல் அடி வரை பூசினேன். வரிகளின் இடுக்குகளில் துணி போகவில்லை என்று பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்துத் தேய்த்தேன். மகளும் ஒரு துணியோடு வந்து கூடப் பூசினாள். மூக்கு, கன்னம், சட்டை எல்லாம் கறுப்பு. மாமி, “நல்ல வேலை செய்தாய், இனி ஆண்டவர் வந்தாலும் துரு வராது” என்றார். அந்தக் கம்பிகள் வெயிலில் புது மீன் போல மினுங்கின. என் கணவர் வந்து இதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை மேசன் அண்ணை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகக் கம்பியடிக்குப் போனார். ஒன்றைத் தூக்கினார். அது அவருடைய கையிலிருந்து நழுவி விழுந்தது. தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, இதென்ன, பொரிக்கப் போறியளா?”

துருவுக்குப் பூசினேன் என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்த வரியெல்லாம் எதுக்கு எண்டு நினைச்சியள்? கொங்கிறீட் கம்பியை இறுக்கிப் பிடிக்கத்தான். மேலோட்டமான துரு ஒண்டும் செய்யாது, அது இன்னும் சொரசொரப்பா நிண்டு பிடிக்கும். எண்ணெய் பூசின கம்பி கொங்கிறீட்டுக்குள்ள வழுக்கும். எண்ணெய்க் கையால விலாங்கைப் பிடிச்சுப் பாருங்கோ.”

மாமிக்குப் பொறுக்கவில்லை. “என்ர மனுசன் முப்பது வருசம் நங்கூரத்துக்கு ஒயில் பூசினவர். ஒரு நங்கூரம் கெட்டதில்லை.”

“அம்மா, நங்கூரம் மண்ணைப் பிடிக்கவேணும். கம்பியைக் கொங்கிறீட் பிடிக்கவேணும். ரெண்டும் ரெண்டு.”

“கொஞ்சம்போல எண்ணெய்தானே தம்பி. உள்ள போனால் ஆருக்குத் தெரியும்?”

அவர் என்னைப் பார்த்தார். கம்பி உள்ளே போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க முடியாது என்று என் கணவர் சொன்னது அப்போது எனக்கு வேறுவிதமாகக் கேட்டது.

“கழுவினால் போகுமா அண்ணை?”

“மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, சவுக்காரத்தூள் போட்டுக் கம்பி பிரஷால தேச்சுக் கழுவினால் போகும். ஆனா முழுக்கப் போச்சுதெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். கழுவிறது நீங்கள், பாக்கிறதும் நீங்கள்தான்.”

அவர் அந்த அறையின் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கலவை மெசின்காரருக்கு ஒரு வாரம் பிந்தும் என்று ஃபோனில் சொன்னார். மழை வந்தால் என்ன செய்வது என்று அங்கிருந்து கேட்டிருக்கவேண்டும். “வந்தா வரட்டும்” என்றார்.

முதல் கம்பியைக் கிணற்று நீரில் கழுவினேன். கழுவி முடிந்த பிறகு கை உலர்ந்தபோது தோலில் வெள்ளை படிந்தது. எங்கள் கிணறு உவர். எண்ணெயைப் போக்கி உப்பைப் பூசியிருக்கிறேன். அந்தக் கம்பியை நல்ல தண்ணீரில் திரும்பக் கழுவினேன். குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில்தான் வரும். பீப்பாய்களை நிரப்பி வைத்துக்கொண்டு, நாளுக்குப் பத்துக் கம்பி என்று கழுவினேன். கழுவியது போதுமா என்று எப்படித் தெரியும்? மேசன் அண்ணை இரண்டு வழி சொல்லியிருந்தார். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வரக்கூடாது. தண்ணீர் தெளித்தால் மணி மணியாக உருளக்கூடாது, பரவவேண்டும். மகளின் பழைய நாப்கின் துணிகளை எடுத்தேன். சில கம்பிகளில் துணி சாம்பல் நிறமானது. அது எண்ணெயா, துருவா, என் கண்ணா என்று தெரியாமல் திரும்பவும் கழுவினேன். சில இடங்களில் தண்ணீர் பரவிய பிறகு மெல்லச் சுருங்கியது போல இருந்தது. மாமியைக் கூப்பிட்டேன்.

“பரவுதா மாமி, உருளுதா?”

“பரவுது.”

“வடிவாப் பாருங்கோ.”

“பரவுதடி! நீ இதை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனாலும் சுவாமி ஏற்றுக்கொள்ளுவார்!”

கழுவிய கம்பியை வெளியே போட்டால் உப்புக் காற்று. எண்ணெயும் பூச முடியாது. ஆகவே வீட்டுக்குள் கொண்டுபோனோம். இருபதடிக் கம்பி எந்த அறையிலும் அடங்காது. முன்னறையில் தொடங்கி, நடுக் கதவைத் தாண்டி, குசினி அடுப்படி வரை நீட்டிக் கிடந்தது. ஒரு வாரம் நாங்கள் கம்பிகளைத் தாண்டித் தாண்டி நடந்தோம். மகளுக்குக் குத்திவிடும் என்று நுனிகளுக்குப் பழைய காலுறைகளை மாட்டிக் கட்டினேன். அவள் அவற்றுக்குப் பக்கத்தில் பொம்மையைப் படுக்க வைத்து, “சத்தம் போடாதேங்கோ, கம்பி நித்திரை” என்றாள்.

ஆறு கம்பிகளை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. ஆறும் பத்து மில்லிமீற்றர். மேசன் அண்ணை வந்து அவற்றைத் துடைத்தும், நனைத்தும், முகர்ந்தும் பார்த்தார்.

“இதில ஒண்டுமில்லை தங்கச்சி.”

“ஓம் அண்ணை. ஆனா போடாதேங்கோ.”

புதிதாக ஆறு எடுத்தோம். இம்முறை நிறுத்தேன், பென்சிலால் உரசினேன், துரு வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கம்பி கட்டும்போது, புதிய ஆறையும் மகளின் கட்டில் வரப்போகும் மூலைக்கு மேலே போடச் சொன்னேன். அவர் கட்டுக்கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரித்தார்.

“கூரை முழுக்க ஒண்டாத்தான் நிக்கும். கட்டிலுக்கு மேல மட்டும் தனியா நிக்காது.”

“தெரியும் அண்ணை. எண்டாலும் போடுங்கோ.”

உண்மையில் எனக்குத் தெரியாது. ஒன்றாக நிற்கும் என்றால் கழுவிய கம்பி பிடிக்காத இடத்தைப் புதிய கம்பி தாங்குமா, அல்லது கழுவியது புதியதையும் இழுத்துக்கொண்டு வருமா? கேட்கவில்லை. அவர் நான் சொன்னபடியே போட்டார்.

கொங்கிறீட் போட்டு இரண்டாம் நாள் மழை தொடங்கியது. போட்ட கூரைக்கு ஈரம் நல்லதுதான் என்று மேசன் அண்ணை சொன்னார். எதற்கும் நான் ஒருமுறை ஏணியில் ஏறிப் பார்த்தேன். கொங்கிறீட்டைத் தாங்கி நின்ற பலகைகளைக் கழற்றிய நாளில் கீழே நின்று அண்ணாந்து கழுத்து நோகும் வரை பார்த்தேன். மயிர் அளவு கோடு ஒன்று தெரிந்தது. படம் எடுத்து மேசன் அண்ணைக்கு அனுப்பினேன். அது பலகை இடுக்கின் அடையாளம் என்று பதில் வந்தது.

மார்கழியில் என் கணவர் வந்தார். எண்ணெய்க் கதையை நான் அதுவரை அவருக்குச் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டு சொன்னேன். துணி, பிரஷ், இரண்டு பின்னேரங்கள், மினுங்கியது, எல்லாம். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“நானெண்டாலும் ஒயில்தான் பூசியிருப்பன்” என்றார்.

ஆறுதலுக்காகச் சொன்னார் என்று தெரியும். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவராவது சரியாகச் செய்திருப்பார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் நல்ல மழை. குசினித் தகரம் பேச்சுக் கேட்காதபடி இரைந்தது. புது அறையில் சத்தமே இல்லை. மகளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். கட்டிலில் அவள் இல்லை. தலையணையை இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்து யன்னலடியில் வெறும் நிலத்தில் படுத்திருந்தாள்.

“ஏன் பிள்ளை இங்க?”

“அங்க மழை கேக்கேல்லை.”

யன்னலடிக்கு மேலே போவதெல்லாம் நான் கழுவிய கம்பிகள். அவளைத் தூக்கிக் கட்டிலில் போடலாம் என்று குனிந்தேன். அவளுடைய கண்கள் அதற்குள் சொருகிவிட்டன. நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். பிறகு கட்டிலில் இருந்த போர்வையை எடுத்து நிலத்தில் விரித்து, அவளை அதன்மேல் நகர்த்திவிட்டு, பக்கத்தில் நானும் படுத்துக்கொண்டேன்.